குடிலுக்கு அடியில்

இந்த வருசம் குடிலுக்கு வைக்கோல் கிடைக்கவில்லை.
கமுதிப் பக்கம் பயிரெல்லாம் மழையில் படுத்துவிட்டதாம்.
"கடல் மணலே போதும், அள்ளு"
என்றார் உபதேசியார் மரியநாயகம்.
மூக்கையூர்க் கரையில் இரண்டு சட்டி அள்ளினேன்,
மனசில்லாமல்தான்.
ஐப்பசிக் காற்றில் வலை போனது.
புது வலைக்கு என் தாலிக்கொடி அடகுக்குப் போனது.
நடுச்சாமப் பூசையில்
ஒரு பாட்டுக்கும் நான் வாய் திறக்கவில்லை.

விடிந்து கோயில் கூட்டப் போனால்
பாலன் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தான்.
நிமிர்த்தி வைத்தேன்.
மறுநாள்
தலை மட்டும்தான் வெளியே.
சூசையப்பர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்,
வழக்கம்போல.

மணலுக்குள்ளிருந்து
இரண்டு கண்கள் நீண்டன.
கட்டைவிரல் நகமளவு குழிநண்டு.
சட்டியோடு வந்து,
ராசாக்களுக்கு முன்னமே வந்து சேர்ந்து,
முன்னணைக்கு அடியிலேயே
வீடு தோண்டியிருக்கிறது.

சிரித்தேன்.
ஆளில்லாத கோயிலில்
விளக்குமாறும் கையுமாக
பீடம் வரைக்கும் கேட்கச் சிரித்தேன்.
இடமில்லை என்று
அதற்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மூணு ராசா திருநாள் முடிந்தது.
நட்சத்திரத்தை மடித்தோம்,
சுரூபங்களைப் பழைய வேட்டியில் சுற்றினோம்.
மணலைக் கரையில் கொட்டியதும்
திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது அது,
பக்கவாட்டில்.

கடன் அப்படியே இருக்கிறது.
வட்டிக்காரர் குரல்கூட மாறவில்லை.
இப்போது பங்குனி வெயில், தவக்காலம்.
சிலுவைப்பாதையில் ஏழாம் தலம்,
ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிறார்,
எல்லோரும் முழங்காலில்.
அந்த நேரம் பார்த்து
நெஞ்சுக்கு அடியில் ஏதோ
சின்னக் கால்களால் மணல் தள்ளுகிறது.

பக்கத்தில் பிரகாசி முறைக்கிறாள்.
உதட்டைக் கடித்துக்கொள்கிறேன்.