மேலதிக சாரதி

கட்டுநாயக்கவில் சாவி தருமுன்
ருவன் பத்திரண ஒரு தாளை நீட்டினார்.
மேலிருந்து பார்த்த காரின் கோட்டுப்படம்,
பூச்சியை விரித்துக் குண்டூசி குத்தியதுபோல.
ஏற்கெனவே இருந்த ஆறு கீறலுக்கும்
ஆறு பெருக்கல் குறி.
அடியில் தமிழிலும் ஒரு வரி:
‘மேலதிக சாரதி அனுமதிக்கப்படமாட்டார்.’

சாரதி.
எங்கள் பக்கம் அந்தச் சொல்
திருவல்லிக்கேணியில் மீசை வைத்து நிற்கிறது.
இங்கே அது நான்.
பிரிசில்லா, நாகர்கோவில், வங்கி எழுத்தர்,
நாற்பத்தாறு வயது,
ஓட்டக் கற்று மூன்று வருடம்.
கையெழுத்துப் போட்டேன்.

கம்பளை தாண்டியதும் பாதை எழுந்து நின்றது.
பின்சீட்டில் செல்வின்
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துப் படுத்துவிட்டார்.
‘என்ன அழகு’ என்று சொல்லக் காரில் ஆளில்லை.
நான் பார்த்தது வெள்ளைக் கோடு,
கோடு தேய்ந்துபோன இடம்,
ஹாரனுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பஸ்.
தேயிலை என்பது
இடது கண்ணாடியை உரச வந்த பச்சை.
பள்ளத்தாக்கு என்பது
வலப்பக்கம் ஒன்றுமே இல்லாதது.

புசல்லாவைக்கு மேலே
பின்சக்கரம் தடதடவென்று பேசத் தொடங்கியது.
தகரக் கூரை. பலகை: ‘ரயர் ஒட்டப்படும்’.
டயர் பஞ்சர் என்றேன்.
ரயர் காத்துப் போயிருச்சா என்றாள்.
இரண்டுக்கும் ஒரே ஆணிதான்.

நிரோஷினி. இருபத்திரண்டு இருக்கும்.
அண்ணன் கட்டாரில், கடை இவள் கையில்.
‘இந்தியாவா? திருச்சிப் பக்கமா?’
‘நாகர்கோவில். தரை முடியுற இடம்.’
‘அப்ப எங்களுக்குக் கிட்டத்தான்’ என்று
சோப்புத் தண்ணீரை ஊற்றினாள்.
ஆணி எங்கே என்று நுரை சொன்னது.

எல்லாம் முடித்து எழுந்தவள்
‘ஒரு சுத்து ஓட்டிப் பாக்கணும் அக்கா,
வீல் ஆடுதான்னு.’
சாவியோடு என் கை பாதியில் நின்றது.
‘லைசன் இருக்கு’ என்றாள்.
‘வாகனந்தான் இல்ல.’

இருக்கையை முன்னால் இழுத்தாள்,
இரண்டு க்ளிக்.
வளைவுக்கு முன்பே ஹாரன், பிறகுதான் கை.
எதிரே பஸ் வந்தது. யாரும் ஒதுங்கவில்லை.
பஸ்ஸும் இவளும் ஒரே நேரத்தில்
கொஞ்சம் மெலிந்தார்கள், அவ்வளவுதான்.
என் பக்கம் மண்சுவர், பாசி, கசிகிற நீர்.
றம்பொடைக்கு முன்னால்
ஒரு சோளக் கடையருகே காரைத் திருப்பினாள்.

பள்ளத்தாக்கு என் பக்கம் வந்துவிட்டது.

கீழே கொத்மலைத் தண்ணீர்.
தண்ணீருக்கு அப்பால் ஒரு மலை,
அதன் பின்னே வெளிறிப்போன இன்னொன்று,
அதற்கும் பின்னே
இருக்கிறேன் இல்லை என்று ஒன்று.
அருவி விழுந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்;
அத்தனை தூரம்.
தேயிலைக்குள் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் மட்டும்
மெதுவாக ஏறிப் போனது.
காலையிலிருந்து இதன் விளிம்பிலேயேவா
வந்துகொண்டிருந்தேன்?

‘செல்வின், கண்ணத் திறங்க.’
திறந்தார்.
‘அப்ப யாரு ஓட்டுறா?’

நிரோஷினி சிரித்தாள்,
கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல்.
அவளுக்கும் அந்த நாலு கிலோமீட்டர்
வெள்ளைக் கோடுதான் போலும்.
இறங்கும்போது ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
‘வீல் ஆடல’ என்றாள்.

மூன்றாம் நாள் கட்டுநாயக்க.
ருவன் பத்திரண காரைச் சுற்றி வந்தார்,
குனிந்தார், கதவை விரலால் தடவினார்.
ஏழாவது பெருக்கல் குறி இல்லை.
மீட்டரை எழுதினார்: அறுநூற்றுப் பதினொன்று.
அந்தக் கடைசி வரியில் பேனாவை வைத்து
என்னைப் பார்த்தார்.
எந்தப் பக்கம் என்று தெரியாதபடி
தலையை ஆட்டிவைத்தேன்.

இருக்கையை மட்டும் நான் பின்னுக்குத் தள்ளவில்லை.
அத்தனை நாளும் முட்டி இடிக்கத்தான் ஓட்டினேன்;
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காரை உள்ளே விட அவர் ஏறி உட்கார்ந்தார்.
முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
நிமிர்ந்து
என்னைக் காலிலிருந்து தலைவரை
ஒருமுறை அளந்தார்.