கால் பங்கு

பாம்பன் ஏலக்கூடத்தில்
இன்று காலையில் நான் எழுதியது:
நகரை நூற்றிருபது கிலோ,
சூடை எட்டுப் பெட்டி,
காரல், கணவாய், கழிவு மீன்.
எல்லாம் செத்தது.
செத்ததை எழுதத்தான் சம்பளம்.

வீட்டில் இரண்டு உயிரோடு இருக்கின்றன.
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
ஒன்று ஆரஞ்சு.
இன்னொன்று வெள்ளை, துரு பிடித்தாற்போல் முதுகு.

மூன்றாவதாக ஒன்று இருந்தது.
ராமநாதபுரத்தில் வாங்கிய அன்று
பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு
பாலத்தின் மேல் பஸ் போகையில்
கீழே கடலைக் காட்டினேன். அசட்டுத்தனம்.
அதில் விட்டால் சாயங்காலம் தாங்காது தங்கமீன்.
நானோ கடலில் விடவில்லை.
உருண்டைக் கிண்ணத்தில் விட்டு,
குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி,
வாய் திறந்தபோதெல்லாம் தீனி போட்டு
ஒன்பது நாளில் கொன்றேன்.
எந்நேரமும் வாய் திறக்கும் அது.
பசி இல்லை, பழக்கம்.
எங்கள் வியாபாரிகளைப் போல.

இப்போது வாரத்துக்கொரு முறை
கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன்.
பஞ்சிலும் கூழாங்கல்லிலும்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியிருந்து
அழுக்கைத் தின்று நஞ்சை முறிக்கிறதாம்.
தேய்த்துக் கழுவினால் அதற்கு வீடில்லை.
புதுத் தண்ணீரை ஒரு ராத்திரி
திறந்து வைக்க வேண்டும், மருந்து வாசம் போக.

குடம் பத்து ரூபாய்.
லாரி வராத வாரம் பதினைந்து.
"சுத்தியும் தண்ணி.
மீனுக்கு வெலைக்குத் தண்ணி வாங்குற ஒரே ஆளு
இந்தத் தீவுல நீதான்" என்றாள் பெனிட்டா.
சொல்லிவிட்டுத்
துணி அலச வைத்திருந்ததில் ஒரு குடத்தை ஒதுக்கினாள்.
எடுக்கிற பழைய தண்ணீர் அவள் முருங்கைக்கு.
அது காய்க்கிற காய்ப்பைப் பற்றி
இருவரும் பேசுவதில்லை.

ஆனியில் துருக்காரனுக்கு
உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, ரவை தூவினாற்போல்.
படகில் கழித்த ஐஸ்பெட்டியைத் தேய்த்து
மூன்று நாள் வெயிலில் போட்டு
அதில் தனியே விட்டேன்.
வாலிநோக்கத்துக் கல்லுப்பு, லிட்டருக்கு இரண்டு கிராம்.
நிறுக்கத் தராசு தந்தவர் பட்டறை நாகலிங்க ஆசாரி.
எத்தனை பவுன் என்று கேட்டார்.
நாள்தோறும் தண்ணீர் மாற்றிப்
பன்னிரண்டாம் நாள் புள்ளி உதிர்ந்தது.
செத்த மீன் மட்டுமே படுத்திருந்த பெட்டியிலிருந்து
ஒரு மீனை உயிரோடு எடுத்தேன்.
எந்த நோட்டில் எழுதுவது?

கார்த்திகையில் துறைமுகத்தில்
ஐந்தாம் எண் கூண்டு.
ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று.
காற்றுக்குழாயில் குமிழ் நின்றது.
நின்ற பிறகுதான் தெரிந்தது
அவ்வளவு நாளும் ஒரு சத்தம் இருந்தது என்று.
மீன்கள் மேலே வந்து
நீர் விளிம்பில் வாய் வைத்தன.
இது பழக்கம் இல்லை.

குந்துகால் ஓலைவீட்டுக்காரர்கள்
பதினோரு பேர் எங்கள் கூடத்தில்.
விசைப்படகில் வலை இழுக்கிற லொயோலா
டார்ச் அடித்துப் பார்த்தான்.
"கிலோ என்ன போகும்?"
"கிலோவுக்குப் போகாது."
"பெறகு எதுக்கு?"
நான் செம்பில் மொண்டு
ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.
மொண்டு, ஊற்றி.
மொண்டு, ஊற்றி.
பதில் யோசிக்கக் கை விடவில்லை.

இரண்டு மணிக்குத் தோள் மரத்தது.
செம்பை அவன் வாங்கிக்கொண்டான்.
"எம் பங்கு எவ்வளவு?"
"கால்."
இருட்டில் பெனிட்டா சிரித்தது கேட்டது.

கரண்ட் வந்தது மூன்றாம் நாள்.
அதுவரை யார் யார் மொண்டார்கள்,
எந்தப் பிள்ளை செம்போடு தூங்கிப்போனது,
கணக்கில்லை.
ஏல நோட்டைப் பிரித்து
அந்தத் தேதிகளுக்கு நேரே
'படகு போகவில்லை' என்று எழுதினேன்.
கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.
தீனி, இல்லை.
தண்ணீர், கால் பங்கு.
மீன், இரண்டு.