நிகர எடை

கடிதம் ஆகஸ்டில் வந்தது.
இனி பெட்டிக்கு இவ்வளவு என்று இல்லையாம்,
கோருக்கு இவ்வளவாம்.
நெலிதா எட்செவெரி விரல்விட்டு எண்ணினாள்,
கால்குலேட்டரில் எண்ணினாள்,
பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மாத்தே குடுக்கையில் வெந்நீர் ஊற்றினாள்.
போன வருஷத்துக்கு மூன்று மடங்கு.

உருகுவேயில், சால்தோ ஊரில்
ஒரு கம்பளிக் கிடங்கு.
ஆற்றுக்கு அந்தக் கரை அர்ஜென்டினா.
இந்தக் கரை முழுக்க ஆட்டு மயிரின் எண்ணெய் வாடை.
அங்கே ஒரே இரும்புக்குள் ஏழு சர்வர்கள் குடித்தனம்:
கணக்கு, சம்பளம், ஏற்றுமதிக் காகிதம்,
மின்னஞ்சல், கேமரா,
எதற்கென்று யாருக்கும் தெரியாத,
அணைக்கவும் யாரும் துணியாத ஒன்று,
அப்புறம் தராசு.

தமிழில் மெய்நிகர் என்கிறோம்.
மெய் இல்லை, மெய்க்கு நிகர்.
நெலிதாவின் மொழியில் இந்த வசதி கிடையாது.
வாடகை தராத குடித்தனக்காரர்கள் என்பாள்.

மூன்று மென்பொருள்களைப்
பழைய பெட்டியொன்றில் ஏற்றிப் பார்த்தாள்.
முதலாவது, கடிதம் எழுதியதே அதுதான்.
பதினோரு வருஷம் ஒரு ராத்திரிகூட அவளை எழுப்பாதது.
பழகிய செருப்பு; இப்போது காலையே கேட்கிறது.
இரண்டாவது, அலுவலகக் கணினிகளோடு
ஒட்டிக்கொண்டு வந்த உறவு.
சொல்லாமல் கொள்ளாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.
மூன்றாவது இலவசம்.
சந்தேகம் கேட்டால் உலகமே பதில் சொல்லும்,
ஆளுக்கொரு பதில்.

மோந்தெவிதேயோவிலிருந்து விற்பனையாளர் வந்தார்.
அவர் விரித்த அட்டவணையில்
அவர் பத்தி மட்டும் முழுக்கப் பச்சை.
முதலாளி வாஷிங்டன் பெந்தான்கூர்
எது வேகம் என்று கேட்டார்.
'மூன்றுமே நம் கணக்கரைவிட வேகம்' என்றாள்.

சிக்கல் தராசில் இருந்தது.
அந்த நிரலை எழுதியவன் கனடா போய் இருபது வருஷம்.
ஒன்பது ஊசிக் கேபிள் வழியாக மட்டுமே பேசும்.
முதலாவதில் பேசியது.
இரண்டாவதற்குக் கேபிள் கண்ணிலேயே படவில்லை.
மூன்றாவதில் பேசியது, ஆனால் ஒரு மூச்சு தாமதமாக:
ஒவ்வொரு பொதிக்கும் முந்தின பொதியின் எடை,
முதல் பொதிக்குப் பூஜ்யம்.
இரண்டு ராத்திரி போனது. ஒரு வரியில் சரியானது.

'நீ இல்லாத அன்றைக்கு?' என்றார் பெந்தான்கூர்.
நியாயமான கேள்வி.
அக்டோபரில் அவளுக்குப் பித்தப்பை அறுவை,
அக்டோபரில்தான் ஆடுகளுக்குக் கத்தரி.

தார்தோவைக் கூப்பிட்டாள்.
முப்பத்தொரு வருஷமாகக் கம்பளி தரம் பிரிப்பவன்,
தொட்டால் மைக்ரான் சொல்லுவான்,
கணினியைத் தொட்டதில்லை.
கையில் ஒரு தாள் கொடுத்தாள்.
பிளக்கைப் பிடுங்கினாள்.
முற்றத்துக்குப் போய் லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றாள்.

முதலாவதில் நான்காம் நிமிஷம் கூப்பிட்டான்:
'உரிமம் காலாவதியாம், கார்டு எண் கேட்கிறது.'
இரண்டாவது முப்பது சதவீதத்தில் நின்றது,
அவன் சாப்பிட்டு வந்தான், முப்பத்தொன்று.
மூன்றாவதில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
தாளில் விரலை வைத்து
எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அடித்தான்.
பத்தொன்பதாம் நிமிஷம்
தராசில் சிவப்பு எண்கள் எரிந்தன.

திரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தான்.
'முரடு' என்றான்.
'ஆனால் இழை நீளம்.'

அதுதான் முடிவு.
அட்டவணையில் அப்படியொரு பத்தி இல்லை.

சனி ராத்திரி ஆறு பேரைக் குடியேற்றினாள்.
எதற்கென்று தெரியாததை மட்டும்
பழைய வீட்டிலேயே அணைத்து வைத்தாள்.
திங்கள் காலை மயக்க மருந்து.
கண் திறந்தபோது போன் துடித்துக்கொண்டிருந்தது.

'தராசா?'
'தராசு நன்றாயிருக்கிறது' என்றான் தார்தோ.
'மணி ஒன்றாகப் போகிறது,
சாப்பாட்டுச் சங்கு ஊதவில்லை.
எல்லோரும் கத்தரியைப் பிடித்தபடியே
கூரையைப் பார்த்து நிற்கிறார்கள்.'

தையல் இழுக்க இழுக்கச் சிரித்தாள்.
நர்ஸ் ஓடி வந்தாள்.