முப்பது பாகை

கடையாலுமூட்டுக்கு மேலே, கிழக்குச் சரிவில்
இருநூற்று நாற்பது மூடு ரப்பர்.
ஏழு வருஷமாக நிழலைத் தவிர
யாருக்கும் எதுவும் கொடுக்காதவை.
இந்தப் பங்குனியில் முதல் வெட்டு.

முதல் மூட்டில் நூல் சுற்றினேன்:
நெஞ்சு உயரத்தில் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.
பாதிதான் நமக்கு. இருபத்தாறு.
மறுபாதி மரத்துக்கு.
இடப்பக்கம் மேலே தொடங்கி
வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும் கத்தி.
எவ்வளவு கீழே?

பிஸ்கட் டப்பாத் தகரத்தில்
அச்சு ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன்.
ஒரு முனை முப்பது, ஒரு முனை அறுபது,
மூன்றாவது, சுவரும் தரையும் சேருமிடம் போல.
மரத்தோடு அணைத்தால் முக்கோணம் வளையும்.
நீளம் மாறாது.

பத்தாம் வகுப்பில் இதே முக்கோணம்
என்னிடமிருந்து ஐந்து மார்க்கைத் தின்றது.
சின்னப் பக்கம் ஒன்று, சாய்வு இரண்டு,
மிச்சப் பக்கம் மூன்றின் வர்க்கமூலம்.
நான் பின்னிரண்டையும் இடம் மாற்றி எழுதினேன்:
கர்ணத்தைவிட நீளமாய் ஒரு பக்கம்!
சிவப்பு மையில் டீச்சர் ஒரே வரி:
வரைந்து காட்டு.
இன்றுவரை வரைய முடியவில்லை.

இப்போது தப்பு வராது.
இருபத்தாறு, அறுபதுக்கு எதிரே கிடக்கும் பக்கம்.
மூன்றின் மூலத்தால் வகுத்தால் பதினைந்து,
ஒரு மயிரிழை கூட.
அந்த மயிரிழையை மரத்துக்கு விட்டுவிடலாம்.
இரட்டித்தால் முப்பது.
பதினைந்து இறக்கம், முப்பது வெட்டு,
கீழே சிரட்டைக்கு ஒரு கம்பி.

பதினொரு மணிக்கு ரசலையன் பைக்கில் வந்தான்.
‘சுகந்தபாய், கத்தியை வை.
நாப்பத்தஞ்சு போடச் சொல்லுது புது முதலாளி.
வெட்டு நீளும், பால் கூடும்.’

பொய்யில்லை.
நாற்பத்தைந்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு,
சாய்வுக்கு இரண்டின் மூலம்.
இருபத்தாறு முப்பத்தாறே முக்காலாகும்.
மூட்டுக்கு மூடு ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் பால்.
அவனுடைய பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
இரண்டு முக்கோணமும் வரைந்தேன்,
மரத்தில் சுற்றிப் பிடித்தேன்.
இறக்கத்தைப் பாரு, ரசலையா.
அங்கே பதினைந்து. இங்கே இருபத்தாறு.
கீழ்முனை பதினொன்று முன்னாலேயே மண்ணைத் தொடும்.
வருஷத்துக்கு ஒரு சாண் பட்டை நாம் தின்பது,
இது அரைச் சாண், அரை வருஷம்.
அப்புறம் அடியில் மிஞ்சும் மூலையைப் பாரு,
கத்தி படாமலே கிடக்கும் பட்டை.
முப்பதில் நூற்றுத் தொண்ணூற்றைந்து சதுரம்,
உன் நாற்பத்தைந்தில் முந்நூற்று முப்பத்தெட்டு.

தாளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி
நாகர்கோவிலுக்குப் பேசினான்.
நகைக்கடைக்காரர்.
உரசிப் பார்க்காமல் எதையும் நம்பாதவர்.
பாதிக்குப் பாதி என்று பதில் வந்தது:
நூற்றிருபது மூடு எனக்கு, நூற்றிருபது அவருக்கு.

நாற்பத்தைந்துக்கு அச்சு செய்வது எளுப்பம்.
சதுரத் தகரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் போதும்.
முப்பதுக்குத்தான்
மூன்று பக்கமும் ஒத்த ஒன்றைத் தேடிப் பிளக்கணும்.

முதல் வாரம் அவர் பக்கத்துச் சிரட்டைகள் ததும்பின.
ரசலையன் ஃபோட்டோ எடுத்து அனுப்பினான்.
என்னையும் ஒன்றில் நிற்கச் சொன்னான், நின்றேன்.

விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது
நெற்றி விளக்கோடு சரிவில் ஏறுகிறேன்.
வெளிச்சத்துக்கு ஒரு தடவை ஒரு மரம்தான் தெரியும்.
மேல்முனையில் கத்தி வைத்து இழுக்கிறேன்,
வெள்ளையாய் ஒரு கர்ணம் கசிந்து இறங்குகிறது.
வரிசையின் கடைசி மூட்டில் மட்டும்
கீழ்முனைக்கும் மண்ணுக்கும் நடுவே
நூல் பிடித்து அளக்கிறேன்.
இன்றைக்கு எண்பத்தேழு.
ஒட்டுப்பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டு வருகிறேன்.
யாரும் கேட்கவில்லை, இதுவரை.