மூன்று வரிக்கு மிகாமல்

படிவம் கேட்கிறது:
விஞ்ஞானம், பகுதி ஒன்று.
ஆண் சராசரி இருபத்தைந்து, பெண் சராசரி இருபத்திரண்டு.
வேறுபாட்டுக்கான காரணத்தை
மூன்று வரிக்கு மிகாமல் எழுதுக.
வெள்ளிக்கிழமைக்குள் ஹட்டனுக்குப் போக வேண்டும்.

பொகவந்தலாவையில் இன்றும் மழை.
தமிழ்ப் பாடத்தில் பெண்கள் பதினொரு புள்ளி மேலே.
அதற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டமும் இல்லை.

"மூளை அப்படின்னு எழுதிடுங்க டீச்சர்,"
அதிபர் சொல்லிவிட்டு பஸ்சுக்கு ஓடினார்.

லோஜிதாவின் விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்தேன்.
நாற்பதில் ஒன்பது கேள்விக்கு
நான்கு வட்டமும் வெறுமை.
அழித்த தடம்கூட இல்லை;
பென்சில் அந்தப் பக்கம் போகவே இல்லை.
மிதுர்ஷன் ஒன்றையும் விடவில்லை.
கடைசிப் பத்துக்கும் வரிசையாக
மூன்று, மூன்று, மூன்று.
அதில் நான்கு சரி.

கூப்பிட்டுக் கேட்டேன்.
"தெரியலன்னா ஒரு புள்ளடி போட்டிருக்கலாம்தானே?"
"பிழையாப் போச்சுன்னா மிஸ்?"
"போனா ஒன்னும் கழிக்க மாட்டாங்க."
அவள் நம்பவில்லை.

கழிக்காத தராசை அவள் எங்கே கண்டாள்?
கொழுந்து நிறுக்கையில்
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று,
முற்றின இலை கிடந்தால் இன்னொன்று.
அம்மாவின் துண்டில் மிஞ்சியதை
ராத்திரி கூட்டிப் பார்க்கிறவள் இவள்தான்.
இதுதான் என்று ஒரு வரி எழுதினேன்.
பிறகு ஞாபகம் வந்தது,
மிதுர்ஷனின் அம்மாவும் அதே மலை, அதே தராசு.
வெட்டினேன்.

ஆனால் அவன் அண்ணனின் புது போனைக்
கெசல்கமு ஓயாவில் போட்டுவிட்டு வந்தபோது
"ஆம்பளப் புள்ள, போவட்டும்" என்றார்கள்.
இவள் ஒருநாள் பால் பொங்கவிட்ட கதை
தீபாவளி வரை
வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பரிமாறப்பட்டது.
பிழைக்கத் தெரிந்தவன் என்றால் அவனுக்குப் பாராட்டு.
அவளுக்குப் பிழை என்றால் பிழைதான்.

எண்ணினேன்.
முப்பத்தொரு பெண்கள் விட்ட வெறுமை இருநூற்றுப் பதினான்கு.
கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும்
நாலில் ஒன்று விழுந்திருக்கும்.
ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால்.
மீதி ஒன்றேகாலுக்கு எங்கே போவேன்?

ஆறாம் வகுப்பில் பையன்கள் முப்பத்தாறு பேர்.
பரீட்சைக்கு உட்கார்ந்தவர்கள் பதின்மூன்று.
மற்றவர்கள் வெள்ளவத்தையில் துணி மடிக்கிறார்கள்,
புறக்கோட்டையில் மூட்டை ஏற்றுகிறார்கள்,
ஒருவன் வத்தளையில் கோழி உரிக்கிறான்.
இருபத்தைந்து என்பது
போகாமல் நின்றவர்களின் சராசரி.
கோழிக்கடைப் பையனுக்கு
அமிலமும் காரமும் நன்றாக வரும்;
எழுத்துதான் காக்காய் கிறுக்கல்.
அவன் வந்திருந்தால் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா,
யாரைக் கேட்க?
பெண்களில் மூன்றே பேர்தான் வரவில்லை.
காய்ச்சலோடு ஒருத்தி வந்து
பெஞ்சில் தலைசாய்த்து எழுதினாள்.
அவளுடைய பதினொன்றும்
சராசரியில் இருக்கிறது.

உயர்தரத்தில்
பௌதிகத் தாளில் நானும் ஆறு விட்டேன்.
மேற்பார்வையாளர் தாளை வாங்கிப் புரட்டி
"சுத்தமா எழுதியிருக்கீங்க" என்றார்.
எத்தனை புள்ளியில் தவறியது என்பதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படிவத்தில் எழுதினேன்:
வெறுமையாக விட்டவை, பெண் இருநூற்றுப் பதினான்கு, ஆண் ஒன்பது.
பரீட்சைக்கு வராதோர் இருபத்தாறு, அவர்களில் ஆண் இருபத்து மூன்று.
மூன்றாவது வரி மிச்சம் இருந்தது.
பேனாவை மூடப் போய், திறந்து,
தெரியாது என்று எழுதினேன்.
வெறுமையாக விடவில்லை.

வாசலில் நின்று லோஜிதா எட்டிப் பார்த்தாள்.
"மிஸ், இருபத்தேழாவதுக்கு ரெண்டுதானே விடை?"
"ரெண்டுதான்."
"அப்பவே நினைச்சேன் மிஸ்,"
குடையை விரித்துக்கொண்டு
பஸ் தரிப்பிடத்துக்கு இறங்கினாள்.