பதினான்கு

மஞ்சக்குப்பம், கல்லூரி அலுவலகம், இரண்டாம் மாடி.
பதவி உயர்வுக் கோப்பில் என் வேலை
ஆட்களை எண்ணாக்குவது.
கட்டுரை எத்தனை, மேற்கோள் எத்தனை,
இதழின் தாக்கம் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடும்.
அதை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

குலோத்துங்கன் சார் அறுபத்தொரு கட்டுரை.
ஒரே இறாலைத்
தலை தனி, ஓடு தனி, வால் தனியென்று
ஆறு இதழ்களில் விற்றிருந்தார்.
எக்செல் முகம் சுளிக்காது.

அமலோற்பவம் மேடம்
நான்கே நான்கு.
அமாவாசைக்கு அமாவாசை
உப்பனாற்று முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று
பதினோரு வருடம் அளந்தவர்.
உப்பு, ஆக்சிஜன், சேற்றில் ஈயம்.
நோட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்.
"இத எந்தக் கட்டத்துல போடுவீங்க, தேசிங்கு?"
'இதர' என்று ஒன்று இருக்கிறது மேடம்,
அதிகபட்சம் இரண்டு மதிப்பெண்.
சாக்கை எடுத்துப்போன பிறகும்
மேசையில் ஈரம் வட்டமாக நின்றது.

கமிட்டி கூடிய அன்று மேடம் வரவில்லை. அமாவாசை.
கூட்டல் சூத்திரத்தை
ஒரு செல் மேலே இழுத்துவிட்டிருந்தேன்.
தலைப்பில் கிடந்த 2017
மேற்கோளோடு சேர்ந்துகொண்டது.
பதினான்கு,
இரண்டாயிரத்து முப்பத்தொன்று ஆனது.
தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நம்ம கடலூர்லயா?"
முந்திரித் தட்டு அந்தரத்தில் நின்றது.
ஐந்து பேரில் ஒருவரும்
ஒரு கட்டுரையும் திறக்கவில்லை.
போன வருடம் திறக்காததும் இதே ஐவர்தான்.
அப்போது எண் சரியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
"அதானே."

மாலை பஸ். கெடிலம் பாலத்தில் நெரிசல்.
மச்சான் நண்டு வலை போடுகிறவன்,
அவன் சேர்த்துவிட்டதில்
மேடத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன்.
'உப்பு இருபத்தெட்டு. விடியலில் நண்டு ஏறும்.
தெற்கு வாய்க்கால் பக்கம் வேண்டாம்,
தண்ணீரில் நெடி.'
சோனாங்குப்பத்திலிருந்து ஒரு கட்டைவிரல்.
அக்கரைகோரியிலிருந்து ஏழெட்டு.
தெற்கே கிளம்பிவிட்ட ஒருவர்
திரும்புறேன்மா என்று குரல் அனுப்பினார்,
பின்னால் எஞ்சின் சத்தம்.

பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே வந்தேன்.
நூற்றிரண்டில்
முதுநகர் வந்துவிட்டது.
இறங்கிக்கொண்டேன்.