மொழிக்கு முதலில் வாராதவை

பேசாலைக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது
சாமியார் பெரிய புத்தகத்தில் எழுதியது
றெஜினா.
ஆனையூர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு டீச்சர்
சிவப்பு மையால் அதை வெட்டினார்.
"ற முதல்ல வராதும்மா."
ரெஜினா என்று எழுதிக் காட்டினார்.
ஒரு கூனும் ஒரு வாலும் குறைந்திருந்தன.
நடுக்கடலில் பாரம் குறைக்க
அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிப் போட்டபோதும்
யாரும் என்னைக் கேட்கவில்லை.

வருகைப் பதிவில் பெயர் வந்ததும்
எழுந்து நின்று "ஓம்" என்றேன்.
எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம், அவ்வளவுதான்.
கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன்
"நமச்சிவாய" என்று முடித்துவைத்தான்.
வகுப்பே கன்னத்தில் போட்டுக்கொண்டது.
வேதக்காரப் பிள்ளை நான்,
விழித்துக்கொண்டு நின்றேன்.

ஒரே மொழிதானே, பயமில்லை என்று
மண்டபத்தில் பெயர் பதிந்தவர் சொல்லியிருந்தார்.
ஒரே மொழிக்குள்தான் தொலைந்துபோனேன்.
உட்காரக் கதிரை கேட்டேன்,
எந்த வயல் கதிரை என்றார்கள்.
"கண்மாய்க்கு வர்றியா?" என்றாள் பவுன்தாய்.
ஏதோ கண்ணில் வருகிற நோய் என்று ஓடிவந்துவிட்டேன்.
மறுநாள் போய்ப் பார்த்தால்
குளம்.
அதுவும் தண்ணீர் இல்லாத குளம்.

அன்ரன் கெட்டிக்காரன், ஐந்து வயது.
ஒரே மாதத்தில் அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் பிடித்துக்கொண்டான்.
அட்டையில் அவனை ஆண்டனி ஆக்கினார்கள்,
அதற்கும் சரி என்றான்.
அம்மா அதட்டினால் மட்டும்
பழைய பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான்.

கடைக்குப் போகும் முன் அம்மா
சொற்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப்பார்ப்பாள்.
ஒருநாள் மறந்துபோய்
"சீனி கால் கிலோ" என்றுவிட்டாள்.
கடைக்காரர் நிமிராமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.
தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கூவினாள்:
"இங்கையும் சீனிதான் பிள்ளை!"
அன்றைக்குத் தேத்தண்ணியில்
எல்லாருக்கும் இரண்டு கரண்டி.

அப்பாவுக்கு இங்கே கடல் இல்லை.
டவுன்ஹால் ரோட்டில் ஓட்டல் சுவர்களுக்குப்
பெயின்ட் அடித்தபடி தொங்கினார்.
சாரத்துக் கயிற்றை அவர்தான் முடிய வேண்டுமென்று
மற்றவர்கள் காத்திருப்பார்களாம்.
தோணி கட்டுகிற முடிச்சு.
ஆறு மணிக் கணக்கெடுப்புக்கு
அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு
சைக்கிளில் பறந்து வருவார்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா
கரும்பலகையில் எழுதினார்:
மொழிக்கு முதலில் வாராதவை.
ட. ற. ல.
ர.
"ர கூடவா ஐயா?"
"ர கூடத்தான். முன்னால ஓர் இகரம் துணைக்கு நிக்கணும்.
இராமேசுவரம். இலங்கை."
நாங்கள் விட்டுவந்த கரையும் ஏறிய கரையும்
ஒரே எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு
பலகையில் அடுத்தடுத்து நின்றன.
டீச்சர் வெட்டிய எழுத்துக்கும் இடமில்லை,
கொடுத்த எழுத்துக்கும் இடமில்லை.
ஆறு வருஷம் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது.
பவுன்தாய் என்னவென்று கேட்டாள், சொன்னேன்.
"விளங்குதா?" என்றேன்.
"புரியல" என்றாள்.

போன மாதம் கோர்ட்டு வாசல், வேப்பமரத்தடி.
இருபது ரூபாய் முத்திரைத்தாள்.
ஞானஸ்நானச் சான்றில் ற,
பள்ளிச் சான்றில் ர,
இரண்டும் நானே என்று நானே சத்தியம் செய்ய வேண்டும்.
தட்டச்சுக்காரர் டீ ஆறுவதற்குள் அடித்து முடித்து நீட்டினார்:
"மேற்படி ரெஜினாவும் ரெஜினாவும் ஒருவரே."

படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கம்மா என்றார்.
படித்தேன்.
பிழை இல்லை.